சாட்சி சொல்லிய மறுநாள்

திருநெல்வேலிச் சீமையின் சபையாருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சபையாரே,

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை, தாமிரபரணியின் இரு கரையிலும் ஞாயிற்றுக்கிழமை மணியோசை கேட்டு ஆலயத்துக்குப் போகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். குடிக்கிறவர்களுக்கு எழுதவில்லை. அவர்களுக்குப் புத்தி சொல்ல வீட்டிலும் தெருவிலும் ஆட்கள் நிறைய உண்டு. அரசாங்கத்துக்கும் எழுதவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, 'இன்னார் திரும்பவும் குடிக்க ஆரம்பிச்சுட்டாராமே' என்று மெதுவாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற உங்களிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

என் கணவர் பல வருஷம் குடித்தவர். இப்போது குடிப்பதில்லை. அவரை மீட்டவர் இயேசு கிறிஸ்து என்று நானும் நம்புகிறேன், அவரும் நம்புகிறார். இந்த மடலில் நான் சொல்லப்போகிற எதுவும் அந்த நம்பிக்கைக்கு விரோதமானதல்ல, அதிலிருந்துதான் எழுதுகிறேன். ஆனால் ஆண்டவர் அவரை எப்படி மீட்டார் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். நீங்கள் கன்வென்ஷன் மேடையில் கேட்கிற கதை மாதிரி அது நடக்கவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ளாததால் நம்முடைய சபைகளில் ஆட்கள் சாகிறார்கள்.

மேடைக் கதை உங்களுக்குத் தெரியும். ஒருவர் குடித்தார், குடும்பம் சீரழிந்தது, யாரோ ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள், அன்றைக்கு இரவே தொட்டார் ஆண்டவர், அடுத்த நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்படி நடந்தவர்கள் உண்டு. அவர்களுக்காக ஸ்தோத்திரம். ஆனால் அது ஒன்றுதான் விடுதலை, மற்றதெல்லாம் விசுவாசக் குறைவு என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். என் கணவரையும் அப்படித்தான் மேடையேற்றினார்கள். குடியை விட்டு இரண்டு வாரம்கூட ஆகாத மனிதரின் கையில் மைக்கைக் கொடுத்து, சாட்சி சொல்லச் சொன்னார்கள். அவர் சொன்னார், நீங்கள் கைதட்டினீர்கள். மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அடுத்த மாதம் சம்பளத் தேதியில் அவர் குடித்துவிட்டு வந்தபோது, வெறுமனே குடிகாரனாக வரவில்லை. ஊரறியச் சாட்சி சொல்லிவிட்டுப் பொய்யனாகிப் போனவனாக வந்தார். அதன்பிறகு ஆலயத்துக்கு வரவே மறுத்தார். 'பின்மாற்றக்காரன்' என்ற பேரை நீங்கள் அவருக்குக் கொடுத்த பிறகு, அவர் எந்த முகத்தோடு நம் பெஞ்சில் வந்து உட்காருவார்?

பிறகு எப்படி நின்றது என்று கேட்பீர்கள். எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார், ஓய்வுபெற்ற தபால்காரர். வாலிபத்தில் அவரும் குடித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் ஒருநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பாவத்தைப் பற்றிப் பேசவில்லை, நரகத்தைப் பற்றியும் பேசவில்லை. 'நாளைக்குக் காலம்பற நாம ரெண்டு பேரும் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம், டாக்டரைப் பார்த்துட்டு அப்புறம் மத்ததைப் பேசுவோம்' என்றார். போனார்கள். அங்கே சேர்த்துக்கொண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெரியவர் சாயங்காலம் தவறாமல் வர ஆரம்பித்தார். குடிக்கிற மனிதருக்குச் சாயங்காலம் என்பது என்ன பாடு என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஐந்தரை மணி ஆகும்போதே கால் நிலைகொள்ளாது, சட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பார்கள், ஒன்றுமில்லாததற்குப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார்கள். சரியாக அந்த நேரத்துக்கு வாசலில் குரல் கேட்கும்: 'எந்திரியும் மாப்ளே, ஆத்துப் பக்கம் போயிட்டு வருவோம்.'

படித்துறைவரை நடப்பார்கள். திரும்பி வரும்போது மாலை ஜெபத்துக்கு ஆலய மணி அடிக்க வேண்டிய நேரம். அந்தப் பெரியவர் ஐயரிடம் பேசி, மணி அடிக்கிற வேலையை என் கணவருக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். சம்பளம் கிடையாது. கயிற்றைப் பிடித்து அவர் மணியடித்தால்தான் ஊரில் விளக்கு வைப்பார்கள், கிழவிகள் நாலு பேர் ஜெபத்துக்கு வருவார்கள். தினமும் கடை இழுக்கிற அதே நேரத்தில், கையில் ஒரு கயிறு. அவர் இல்லையென்றால் அன்றைக்கு மணி இல்லை. எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தப் பொறுப்புதான் அவரை நிறுத்திவைத்தது என்று அவரே சொல்லுவார். இடையில் ஒரு முறை தவறினார். மறுநாள் சாயங்காலமும் அந்தப் பெரியவர் வந்தார். 'நேத்துப் போனது போகட்டும், இன்னைக்குக் குடிக்கலல்லா? அது போதும், நடையும்' என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது எனக்குக் கிடைத்த சுவிசேஷம்.

இதை ஆண்டவருடைய கை என்று நான் சொல்கிறேன். ஒரு தபால்காரரின் கையாக அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

சபையாரே, முதலில் மருத்துவத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற விஷயம் அதுதான். பல வருஷம் தினமும் குடித்த உடம்பில், மூளை அந்த மதுவின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை முறுக்கிவைத்துக்கொண்டே இருக்கிறது. திடீரென்று குடியை நிறுத்தினால் அமுக்கம் போய்விடும், முறுக்கு மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், கத்துவார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் சாகிறவர்கள் உண்டு. குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடாததால் தயாமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் வற்றிப்போயிருக்கும். அதை ஊசியில் ஏற்றாமல் விட்டால் ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போய்விடக்கூடும். இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? ஒரு ஜெபவீட்டில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வேண்டாம். குடியை விட வந்தவரை மூன்று நாள் உபவாசத்தில் வைத்தார்கள். ஏற்கெனவே வற்றிய உடம்புக்குத் தண்ணீர்கூட அளந்துதான் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவர் மூலையைக் காட்டி அலறினார். பிசாசு கத்துகிறது என்று சொல்லி, சுற்றி நின்று இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். கையைப் பிடித்துக் கட்டினார்கள். பிறகு வலிப்பு வந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது அவருடைய கடைசி மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை. அவர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது அங்கே கூடியிருந்த பெரியவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

நோயாளியைக் கட்டிவைத்து ஜெபிப்பதன் முடிவு என்னவென்று இந்தத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அது வேறு மார்க்கத்தாரின் தலம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. குணமாகும் என்று நம்பித்தான் அந்தக் குடும்பங்களும் தங்கள் பிள்ளைகளை அங்கே கொண்டுவிட்டார்கள். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வருகிற மனநிலைப் பாதிப்பையும் அந்தச் சட்டம் நோய்க்குள் அடக்குகிறது. லூக்கா வைத்தியன் என்று நம் வேதாகமமே சொல்கிறது. பவுலோடு கூடப் பயணம் செய்தவர் ஒரு வைத்தியர் என்றால், நம் ஜெபக்குழுவோடும் ஒரு வைத்தியர் இருப்பதில் விசுவாசத்துக்கு என்ன குறை வந்துவிடும்?

அதனால் ஜெபக்குழுத் தலைவர்களே, தினமும் குடிக்கிற ஒருவர் உங்களிடம் வந்து 'இன்றோடு நிறுத்திவிடுகிறேன்' என்றால், ஜெபியுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். உபவாசம் அவருக்கு வேண்டாம். அவருக்காக உபவாசம் இருக்க நினைத்தால் நீங்கள் இருங்கள்.

அடுத்தது, விழுந்தவரை நாம் நடத்துகிற விதம். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் கரையிருப்பு என்ற ஊரில் 1827இல் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை நம்முடையவர். ஜான் பன்யனின் கதையைத் தழுவி அவர் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் அச்சேறியது. நம் வீட்டு அலமாரிகளில் இருக்கிறது, அதிகம் பேர் பிரிப்பதில்லை. பன்யனின் கதையில் பயணியின் முதுகுப் பாரம் சிலுவையடியில் கழன்று விழுகிறதே, அது கதையின் எந்த இடத்தில் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முடிவில் இல்லை, கொஞ்ச தூரம் நடந்ததுமே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் மேடு, பள்ளத்தாக்கு, சந்தை, சிறை, சந்தேகம் எல்லாம். வழிதவறிப் போகிறான், தூங்கிப் போகிறான், திரும்பி வருகிறான். வழி நெடுகத் துணைக்கு ஆள் இருக்கிறார்கள், தங்க வீடு இருக்கிறது. பாரம் விழுந்த இடத்திலேயே கதையை முடித்துக் கைதட்டி அனுப்பிவிட நாம் யார்?

பனங்காட்டு ஊர்களில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே பாளையிலிருந்துதான் பதநீரும் வருகிறது, கள்ளும் வருகிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் புளித்துப்போகும். நேற்றுத் தடவிய சுண்ணாம்பு இன்றைக்குச் சொட்டுகிற பாளைக்கு உதவாது. ஒவ்வொரு முறையும் கலயத்தைக் கழுவித் தடவித்தான் கட்ட வேண்டும். குடியை விட்ட மனிதரின் ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அவருக்கு வேண்டியதை ஒரே இரவில் கொடுத்து முடித்துவிட முடியாது.

லெந்து நாட்களில் இதை நீங்களே பார்க்கிறீர்கள். சாம்பல் புதன் தொடங்கி நாற்பது நாள் தொடாமல் இருக்கிறவர்கள் எத்தனை பேர்! நம் பக்கத்து வீட்டு அண்ணாச்சிமார் ஐயப்பனுக்கு மாலை போட்டால் அந்த மண்டலம் முழுக்க வாய் நனைப்பதில்லை. அவர்களைச் சுற்றி ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், வீடே அவர்களை 'சாமி' என்று மரியாதையாக அழைக்கிறது. மாலையைக் கழற்றிய அன்றும் ஈஸ்டர் சாயங்காலமும் பலர் கடைக்குப் போகிறார்கள் என்றால், அந்த நாற்பது நாளில் சுற்றி இருந்த கூட்டமும் மரியாதையும் நாற்பத்தோராம் நாள் இல்லாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டத்தையும் மரியாதையையும் வருஷம் முழுக்கக் கொடுக்கச் சபையைவிட வசதியானது எது? நம் முன்னோர் அதைச் செய்தவர்கள்தான். 1799இல் முதலூர் எப்படி உண்டாயிற்று? புதிதாக விசுவாசத்துக்குள் வந்து, அதனால் வீட்டையும் வயலையும் இழந்து துரத்தப்பட்டவர்களுக்கு ஒதுங்க ஒரு நிலம் வேண்டும் என்று வாங்கி அமைத்த ஊர் அது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் 1826இல் ஊசிக்கோபுர ஆலயத்தைக் கட்டினார், அது எல்லாருக்கும் தெரியும். 1830இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம் பலருக்கு மறந்துவிட்டது. துன்பப்பட்ட விசுவாசிகளைக் குடியேற்ற நிலம் வாங்கவும் ஊர் அமைக்கவும் ஏற்பட்டது அந்தச் சங்கம். ஞானஸ்நானம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. புது வாழ்வு வாழ இடம் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு நம்மிடம் நிலம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, பள்ளிக்கூடக் கட்டடங்கள் சாயங்காலம் நாலரைக்கு மேல் காலியாகக் கிடக்கின்றன. குடியை விட்டவர் ஆறு மணிக்குப் போய் உட்கார ஊரில் ஓர் இடம் கேட்டால், டாஸ்மாக் பாரைத் தவிர வேறொன்றைக் காட்ட நம்மால் முடியவில்லை.

டாஸ்மாக்கை மூடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பீர்கள். மூடட்டும், நானும் கேட்கிறேன். 1983இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கையில் 2003இல் சில்லறைக் கடைகளையும் அரசு ஒப்படைத்ததிலிருந்து எத்தனை மனு, எத்தனை மறியல். காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று நம் பக்கத்து மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கு அருகே, ஒரு மதுக்கடையை அகற்றக் கேட்டுப் போராடும்போது உயிரையே விட்டார். அவர் ஊர் சேலம் மாவட்டம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக வந்து செத்தார். ஆனால் கடை மூடுகிறவரை நம் வீட்டு மனிதர் காத்திருக்க முடியாது. எய்ம்ஸ் ஆஸ்பத்திரி மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்கிறது. மற்ற 37 பேரில் பலர் நம் பெஞ்சுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அல்லது அவர்களுடைய மனைவிமார் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுகிறார்கள்.

கடையைக் குறைசொல்கிற நாம் நம் கல்யாணங்களையும் பார்க்க வேண்டும். ஆலயத்தில் ஜெபத்தோடு தாலி கட்டி முடித்து, மண்டபத்துக்கு வந்தால் பின்பக்கம் கார் டிக்கி திறந்திருக்கிறது. மாப்பிள்ளைத் தோழர்களுக்கு 'கவனிப்பு' இல்லாத கல்யாணம் கௌரவக் குறைச்சல் ஆகிவிட்டது. விட்டு ஆறு மாதமான என் கணவரை அப்படி ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர்களே கையைப் பிடித்து இழுத்தார்கள். 'ஒரு கட்டிங்தான் அத்தான், இன்னைக்கு ஒரு நாள்' என்றார்கள். இழுத்தவர்களில் ஒருவர் மறுநாள் காலை ஆராதனையில் காணிக்கைப் பை எடுத்து வந்தார். அவரை நான் வெறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கட்டிங்கில் எங்கள் குடும்பம் திரும்பவும் தெருவுக்கு வந்திருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

திருவிருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில சபைகளில் புளிக்காத திராட்சரசம், சில சபைகளில் புளித்தது. குடியை விட்டவருக்கு அந்த வாசனையே போதும். ஐயர்மாரே, உங்கள் கிண்ணத்தில் இருப்பது எது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள், புளிக்காத ரசத்துக்கு மாறுங்கள். அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து போகிறவரை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க வேண்டாம். அவர் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறார்.

இனி என் சகோதரிமாரைப் பற்றி. குடிக்கிறவரின் மனைவி ஆலோசனை கேட்டு வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? 'ஜெபம் பண்ணும்மா, பொறுமையாய் இரு, உன் நடத்தையைப் பார்த்து அவர் மாறுவார்.' முகத்தில் அடிபட்ட வீக்கத்தோடு வந்தவளுக்கும் இதே பதில். அவளுடைய பொறுமைக் குறைவால்தான் அவன் குடிக்கிறான் என்று அதற்கு அர்த்தமாகிறது. வேண்டாம், அப்படிச் சொல்லாதீர்கள். அடித்தால் 181க்குப் போன் பண்ணலாம் என்று சொல்லுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது என்று சொல்லுங்கள். இன்னொன்று, குடியை நிறுத்த மாத்திரை என்று யாரோ கொடுப்பதைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து வைக்கிற பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அது டைசல்ஃபிராம் ஆக இருந்து, அதன்மேல் அவர் குடித்துவிட்டால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் சொல்லி, அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதைப் பேசலாமே. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற பெண்தான் 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் பெயரில் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வழி காட்டினார். துக்கப்பட்ட ஒரு பெண் அழுதுகொண்டு மட்டும் இருக்க வேண்டியதில்லை.

ஏ.ஏ. கூட்டம் என்றால் அது ஏதோ உலகத்துக் காரியம், சபைக்கு ஒவ்வாதது என்று சில ஊழியக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்ததில் பிறந்தது. அவர்கள் இருவருமே ஃபிராங்க் புக்மேன் என்ற லுத்தரன் போதகர் தொடங்கிய ஆக்ஸ்போர்டு குரூப் என்கிற கிறிஸ்தவ ஐக்கியத்தில் இருந்தவர்கள். குறையை ஒப்புக்கொள்வது, தீங்கு செய்தவரிடம் போய்ச் சரிசெய்துகொள்வது, காலையில் அமைதியாய் ஜெபிப்பது, தன்னைப் போல் விழுந்து கிடப்பவனுக்குக் கை கொடுப்பது, இவையெல்லாம் அங்கிருந்து வந்தவை. நம் வீட்டுச் சாமான் சுற்றிவந்து நம் வாசலில் நிற்கிறது, அந்நியம் என்று கதவைச் சாத்துகிறோம். அவர்கள் காசு கேட்பதில்லை, பேர் கேட்பதில்லை. ஒரு அறையும் நாற்காலிகளும் கேட்கிறார்கள்.

பேர் கேட்பதில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர்களில் ரகசியம் தங்காது. ஜெப விண்ணப்பம் என்ற பேரில் அடுத்தவன் குடும்பத்தைக் கூட்டத்தில் பரப்புகிறோம். 'இன்ன தெரு இன்னாருடைய மகன் குடியிலிருந்து விடுதலையாக ஜெபிப்போம்' என்று மைக்கில் சொன்னால், அந்த மகன் இனி வருவானா? அவன் தங்கைக்கு வரன் வருமா?

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த அறைக்கு வருகிறவர் எல்லாரும் நம்முடையவராக இருக்க மாட்டார்கள். மாலை போட்ட அண்ணாச்சி வருவார், மேலப்பாளையத்துப் பாய் வருவார், எதையும் நம்பாத வாலிபன் வருவான். அவர்களிடம் ஞானஸ்நானத்தை நிபந்தனையாக வைக்காதீர்கள். எங்கள் தபால்காரப் பெரியவர் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. கிறிஸ்துவை என் கணவர் அவர் நடையில் கண்டுகொண்டார், அது போதுமானதாக இருந்தது.

லாசருவை ஆண்டவர் உயிரோடு எழுப்பினார். கல்லறையிலிருந்து வெளியே வந்தவன் கையும் காலும் துணியால் கட்டப்பட்டபடியே நின்றான். அந்தக் கட்டுகளை ஆண்டவர் தாமே அவிழ்க்கவில்லை. சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். எழுப்புவது அவருடைய வேலை. துணியை அவிழ்ப்பது உங்களுக்கு விட்டுவைத்தது. செத்தவன் நாற்றம் அடிக்குமே என்று தள்ளி நின்றால் அவன் கட்டோடேயே நின்றுகொண்டிருப்பான்.

சபையாரே, அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை, ஓய்வுநாள் பள்ளி நடக்கிற அறையைக் குடியை விட்டவர்களுக்கும் விட நினைக்கிறவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். இன்னொரு நாள் அவர்களுடைய வீட்டாருக்கு. குடியை விட்டுக் குறைந்தது ஒரு வருஷம் ஆகாத யாரையும் மேடையில் சாட்சி சொல்ல அழைப்பதில்லை என்று தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகையில் போதை மறுவாழ்வுக்கான இலவச எண் 14446ஐயும் மனநல ஆலோசனைக்கான 14416ஐயும் பெரிதாக எழுதிவையுங்கள். செலவு என்று பார்த்தால் ஒரு குழல்விளக்கின் கரண்டும் ஒரு பானை டீயும்தான். அசனப் பண்டிகைக்கு நாம் எவ்வளவு செலவு செய்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே, உங்களில் குடியை விட்டு வெகுகாலமாகியும் அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். அண்ணன்மாரே, ஐயாமாரே, ஊரறியச் சொல்ல வேண்டாம். உங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் போய் உட்காருங்கள். அந்த வீட்டுப் பெண் உங்களுக்குக் காப்பி கொண்டுவருவாள். அவளுக்காக நான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அறையைத் திறக்கும் நாளைச் சொல்லுங்கள். நாற்காலி போட நானும் வருகிறேன், என் கணவரும் வருவார்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
சபை அங்கத்தினர் ஒருத்தி